பெரியவர் வந்து திறக்கும்வரை

சக்கரத்தைக் கண்டுபிடித்தது யார் என்பதில் அறிஞர்களுக்குள் இன்னும் தகராறு இருக்கலாம். ஆனால், சும்மா காத்திருப்பதை ஒரு பொதுப்பணியாக உயர்த்திய பெருமை எங்கள் அய்ன் தூத் நகரத்துக்கே உரியது. இதில் யாரும் பங்கு கேட்டு வர முடியாது.

தலைநகர் அம்மானுக்குத் தெற்கே, மலைச்சரிவில் இருக்கிறது எங்கள் ஊர். நகராட்சிச் சதுக்கத்தில் புத்தம் புதிய மின்கார் சார்ஜ் நிலையம் ஒன்று தயாராக நின்றது. இயந்திரம் வந்தாயிற்று, கூரை போட்டாயிற்று, மின்சாரமும் கொடுத்தாயிற்று. ஒரே ஒரு குறை, அது இன்னும் 'திறந்து வைக்கப்படவில்லை'. இயந்திரத்தின்மேல் பச்சைத் துணி போர்த்தி, குறுக்கே சிவப்பு ரிப்பன் கட்டியிருந்தார்கள். நோன்புக்கு முன் கட்டிய ரிப்பன், ஹஜ்ஜுப் பெருநாள் முடிந்தபோது வெயிலில் வெளுத்து ரோஸ் நிறத்துக்கு வந்திருந்தது. நாங்கள் மட்டும் நிறம் மாறவில்லை.

இந்த மகத்தான காத்திருப்பின் சிற்பி முத்லக் உஸ்தாத். ஆண்கள் பள்ளியில் பூகோள ஆசிரியர். ஊரின் முதல் மின்கார் அவருடையது, அதுவும் ஸர்கா நகரத்தில் வாங்கிய பழைய வண்டி. அந்தத் தகுதியால் அவரே 'திறப்பு விழாக் குழு'வின் தலைவர், செயலாளர், மற்றும் ஏகமனதாக ஆதரிக்கும் உறுப்பினர்.

வேலை முடிந்த அன்று, இயந்திரத்தைப் பொருத்த வந்த தொழில்நுட்ப ஆள் வஸ்ஃபி கையைத் துடைத்துக்கொண்டே கூப்பிட்டான்.

"உஸ்தாத், வண்டியக் கொண்டாங்க. இப்பவே மாட்டிப் பாத்துரலாம்."

"மாட்டிப் பாக்கவா? ரிப்பன் வெட்டாமலா?"

"ரிப்பன் வழியா கரன்ட் வராது உஸ்தாத்."

"தம்பி, கரன்ட் இன்னைக்கு வரும், நாளைக்குப் போகும். மரியாதை போனா வருமா? எங்க ஊரு என்ன நாதியத்த ஊரா? அம்மான்ல இருந்து ஒரு பெரியவர் வந்து திறக்கிற வரைக்கும் யாரும் கை வைக்கக் கூடாது!"

வஸ்ஃபி தோளைக் குலுக்கிவிட்டுப் போய்விட்டான். உஸ்தாத் அன்றே குழுவைக் கூட்டினார், அதாவது தன் வீட்டில் தனியாக உட்கார்ந்து தீர்மானம் போட்டார். உண்மையைச் சொன்னால், அவர் மனதில் ஒரு படம் ஓடிக்கொண்டிருந்தது. பெரியவர் கத்திரிக்கோலோடு நிற்கிறார், பக்கத்தில் உஸ்தாத், பின்னால் மழித்த முகம்போல் பளபளக்கும் அவருடைய கார். அந்தப் படத்தை மாட்ட வரவேற்பறைச் சுவரில் ஆணிகூட அடித்துவிட்டார்.

குழு அழைத்திருந்த அரசாங்கப் பெரியவர் வரவில்லை. முதலில் வெளிநாடு போனார், பிறகு ஒரு துக்க வீட்டுக்குப் போனார், பிறகு புழுதிக்காற்று வந்தது. ஒவ்வொரு முறையும் சதுக்கத்தில் நாற்காலி போட்டோம், எடுத்தோம். ஊரில் நாற்காலி வாடகைக்கு விடுபவர் ஒருவர்தான் முன்னேறினார்.

அதுவரை உஸ்தாத் சமையலறை ஜன்னல் வழியாக ஒயர் இழுத்து, மூன்றாம் மாடியிலிருந்து காருக்குப் பாலூட்டி வந்தார். கார் சாப்பிடும்போது வீட்டில் துணி துவைக்கக் கூடாது, குளிர்பெட்டி ஓடக் கூடாது. ஒருநாள் மொத்தக் கட்டடத்துக்கும் ஃபியூஸ் போனது. குடியிருப்பவர்கள் எல்லோரும் ஒன்றாக மாடியேறி வந்து, மிகுந்த மரியாதையோடு, ஒயரைச் சுருட்டிக் கையில் கொடுத்துவிட்டுப் போனார்கள். காரில் மிச்சமிருந்த சார்ஜ் சதுக்கம்வரை போகப் போதும். அம்மானுக்குக் காணாது.

அந்த வாரம் பார்த்துத்தான் அம்மானில் மகள் தீமாவுக்குக் குழந்தை பிறந்தது. ஆண் குழந்தை, உஸ்தாத்துக்கு முதல் பேரன். ஏழாம் நாள் ஆடு அறுத்துப் பேர் வைப்பதாக ஏற்பாடு. குழந்தையின் காதில் பேரை முதலில் சொல்லும் கௌரவம் தாத்தாவுக்கே என்று மருமகன் சொல்லியனுப்பியிருந்தான். அதைக் கேட்டு உஸ்தாத் பாத்ரூமில் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதார். இது குழுவின் நடவடிக்கைகளில் பதிவாகவில்லை.

"நாளைக்கு ஏழாம் நாள்," என்றாள் மனைவி ருதைனா. "எங்கண்ணன் பிக்கப்ல போயிரலாம்."

"டீசல் வண்டியிலயா? ஊருக்கே மின்கார் பெருமையச் சொன்ன நான், அந்தப் புகையில போய் இறங்கவா? தீமா மாமியார் என்ன நெனைப்பா?"

"பேரனப் பாக்க வந்திருக்காங்கன்னு நெனைப்பா. வேற என்னத்த நெனைப்பா, உஸ்தாத்?"

கோபம் வந்தால்தான் அவள் அவரை 'உஸ்தாத்' என்று கூப்பிடுவாள். விஷயம் கைமீறுகிறது என்று புரிந்தது. மறுநாள் காலையிலேயே அவர் எங்கள் ஊரின் கடைசி ஆயுதத்தைக் கையில் எடுத்தார். ஜாஹா!

பெண் கேட்கவும், பகை தீர்க்கவும் போகிற பெரியவர்களின் தூதுக்குத்தான் அந்தப் பேர். போன வீட்டில் காபி ஊற்றித் தருவார்கள். தலைமை தாங்கி வந்தவர் கிண்ணத்தைக் குடிக்காமல் முன்னால் வைத்துவிடுவார். கேட்டது கிடைத்தால்தான் குடிப்பார். குடித்துவிட்டால் வாக்கு வாக்குதான், அப்பீல் கிடையாது.

தொண்ணூறை நெருங்கிய அபூ நிம்ர் தலைமையில், சால்வை போர்த்திய ஒரு பட்டாளம் நகராட்சித் தலைவர் ஹாயில் பேக் வீட்டில் போய் உட்கார்ந்தது. ஏலக்காய் மணக்கக் காபி வந்தது. அபூ நிம்ர் கிண்ணத்தைக் கீழே வைத்தார்.

"நாங்க ஒரு வேண்டுதலோட வந்திருக்கோம்."

"காபியக் குடிங்க மாமா. என்ன கேட்டாலும் குடுத்தாச்சு."

"சார்ஜ் நிலையத்தத் திறக்கணும்."

"திறந்துக்குங்க!"

அபூ நிம்ர் ஒரே மடக்கில் குடித்தார். உஸ்தாத்துக்குக் கண் கலங்கிவிட்டது. "பேக், அப்ப இன்னைக்கே..."

"எப்ப வேணும்னாலும். நான் எங்க தடுத்தேன்? கை வைக்கக் கூடாதுன்னு தீர்மானம் போட்டது உங்க குழு. குழுவ மீற நான் யாரு? ஏன் உஸ்தாத், இவங்களக் கூட்டிட்டு உங்க வீட்டுக்கில்ல போயிருக்கணும்?"

அறையே உஸ்தாத்தைத் திரும்பிப் பார்த்தது. அபூ நிம்ர் தடியை ஊன்றி எழுந்தார்.

"நியாயந்தான். வாங்கப்பா, முத்லக் வீட்டுக்குப் போவோம்."

உஸ்தாத் குறுக்குச் சந்தில் ஓடினார். வருகிறவர்களை வாசலில் நின்று வரவேற்க வேண்டியவரும் அவர்தானே! மூச்சிரைக்க வீட்டுக்குள் நுழைந்து, "ஜாஹா வருது, காபி போடு!" என்றார்.

"யாரப் பாக்க வருது?"

"என்னைத்தான்."

"கூட்டிட்டுப் போனது?"

"நான்தான்."

ருதைனா அவரை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்துவிட்டு அடுப்பைப் பற்றவைத்தாள். பயணத்துக்குக் கட்டிவைத்த பை கதவோரம் இருந்தது.

ஜாஹா வந்து உட்கார்ந்தது. அபூ நிம்ர் கிண்ணத்தை வாங்கிக் கீழே வைத்தார். "முத்லக் உஸ்தாத், ஒரு நல்ல மனுஷனுக்காக வந்திருக்கோம். அவனுக்குப் பேரன் பொறந்திருக்கான், இன்னைக்குப் பேர் வைக்கிறாங்க. அவன் அம்மான் போகணும். அவனுக்காக அந்தத் துணிய விலக்குங்க."

ஒரே ஒரு வார்த்தை, 'குடிங்க' என்று சொன்னால் போதும். உஸ்தாத்தின் நாக்கு நுனிவரை அது வந்துவிட்டது. அப்போது பார்த்து அவர் கண் சுவரில் இருந்த வெறும் ஆணியின்மேல் விழுந்து தொலைத்தது.

"உங்க வார்த்தை என் தலைமேல," என்றார். "ஆனா, பெரியவர் மனசு வருத்தப்படக் கூடாது பாருங்க. குழுவைக் கலந்துக்கிட்டு... ஒரு ரெண்டு நாள் அவகாசம் குடுத்தீங்கன்னா..."

உள்ளறைத் திரை விலகியது. ருதைனா நேராக நடந்து வந்தாள். குனிந்து, அபூ நிம்ரின் முன்னால் இருந்த கிண்ணத்தை எடுத்தாள். நின்றபடியே குடித்தாள்.

"கேட்டது குடுத்தாச்சு மாமா," என்றாள். ஆணிக்குக் கீழே மேசையில் கிடந்த கார் சாவியை எடுத்துக்கொண்டு, பையோடு படியிறங்கினாள்.

எல்லோரும் ஒரே சமயத்தில் பேசினார்கள். விருந்தாளிக்கு வைத்த காபியை வீட்டுக்காரி குடித்தால் அது செல்லுமா? ஒரு தரப்பு செல்லும் என்றது. இன்னொரு தரப்பு, காபி ஆறியிருந்ததா என்பதை முதலில் தீர்மானிக்க வேண்டும் என்றது. விருந்தாளிகள் உட்கார்ந்திருக்கும்போது வீட்டுக்காரன் எழுந்து போவது பெரும் பிழை. ஆகவே உஸ்தாத் உட்கார்ந்தே இருந்தார். ஜன்னல் வழியாகச் சதுக்கம் தெரிந்தது. பச்சைத் துணி விலகியது. ரோஸ் ரிப்பன், வெட்டாமலே, அவிழ்ந்து விழுந்தது. இத்தனை மாதம் சும்மா நின்ற இயந்திரத்தில் ஒரு சின்ன விளக்கு எரிந்தது. அரைமணி நேரத்துக்கெல்லாம் கார் அம்மான் சாலையில் இறங்கிப் போயிற்று.

ஜாஹா கலையச் சாயங்காலமாகிவிட்டது. 'செல்லுமா, செல்லாதா' என்று ஆராய ஒரு துணைக்குழு அமைத்துவிட்டுத்தான் கலைந்தது. தலைவர், முத்லக் உஸ்தாத்.

எல்லோரும் போனபிறகு அவர் போன் போட்டார். பின்னால் ஒரே சிரிப்புச் சத்தம், தட்டுகளின் சத்தம், நடுவே ஒரு பச்சைக் குழந்தையின் அழுகை. அந்த அழுகையைக் கேட்டதும் அவர் போனைக் காதோடு அழுத்திக்கொண்டார்.

"பேர் வெச்சாச்சா?"

"வெச்சாச்சு."

"காதுல யாரு சொன்னா?"

"நான்தான்."

"என்ன பேரு ருதைனா? சொல்லேன்."

"சொல்லலாம் உஸ்தாத்," என்றாள் அவள். "அவசரப்பட்டா எப்படி? அம்மான்ல இருந்து ஒரு பெரியவர் வந்து திறந்து வைக்கட்டும். அதுக்கப்புறம் சொல்றேன்."