பாவாடையைப் படித்த மாயெஸ்த்ரோ

உக்காயாலி ஆற்றங்கரையில் ஓடம் கட்ட இடமில்லை, அவ்வளவு கூட்டம். தலைநகர் லீமாவிலிருந்து மாயெஸ்த்ரோ, அதாவது வைத்திய குரு, தியோபால்தோ வந்திருந்தார். பெண்கள் பாவாடையில் தைக்கும் கோடுகளை விரலால் தடவி, அதிலிருந்து பாட்டெடுத்து, பாட்டிலிருந்து நோயைக் கண்டுபிடிப்பாராம். காசைத் தொடவே மாட்டார், உத்தமர். நோய் ஏறிய பாவாடையை மட்டும் வாங்கிக்கொண்டு ஆற்றில் விட்டுவிடுவார்.

ஊர் வைத்தியர்கள் உப்பில்லாப் பத்தியம் கிடந்து செடிகளைக் கற்றவர்கள். இவருக்கு அந்தச் சிரமமெல்லாம் இல்லை. ஞானம் விமானத்திலேயே கூட வந்துவிட்டது.

அந்த ஊர் ராவாவின் மகள் நெல்லிக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் குளிர் நடுக்கம். மழைக்காலம் முழுக்க உட்கார்ந்து தைத்த பாவாடையை ராவா அவர் முன்னே விரித்தாள். வளைந்த கோட்டைத் தடவிப் பாடினார். பிள்ளை வயிற்றில் பாம்பு ஆவி சுருண்டிருக்கிறது, மலேரியா மாத்திரை உள்ளே போனால் பாட்டு அறுந்துவிடும் என்றார். அந்த வளைவைத் தைத்தபோது ராவாவின் கவலையெல்லாம் மூலையை எப்படி நிரப்புவது என்பதுதான். ஆனாலும் தலையாட்டிப் பாவாடையைக் கொடுத்தாள், மாத்திரை கொடுக்கவில்லை. நெல்லி மேலும் மேலும் துவண்டாள்.

மீன் விற்கப் புகால்பா நகரத்துக்குப் போயிருந்த ராவாவின் அக்கா ரெஷின், திரும்பியதும் மடித்த துணியோடு வரிசையில் நின்றாள். இடுப்பு வலி என்றாள். அவள் நாக்கால் பிறருக்கு வலித்ததுண்டு. அவளுக்கு எதுவும் வலித்ததில்லை. மாயெஸ்த்ரோ துணியைத் தடவினார். ஒரு பறவை தெரிகிறது, பக்கத்து வீட்டுக்காரியின் பொறாமை அது என்று உருகிப் பாடினார்.

நெல்லியை மடியில் போட்டிருந்த ராவா அந்தத் துணியின் மூலையைப் பார்த்தாள். சிவப்பு நூல் தீர்ந்து மஞ்சள் வைத்து முடித்த இடம்.

"அக்கா, இது என் பாவாடை."

"உன்னோடதுதான்டி. புகால்பாவுல வெள்ளைக்காரங்க போற கடையில தொங்குச்சு. என் பாசிமாலையக் குடுத்து மாத்திட்டு வந்தேன்." ரெஷின் மாயெஸ்த்ரோ பக்கம் திரும்பினாள். "ஏன்யா, இதுல இருந்த பாம்பு எங்க போச்சு? பறவை முழுங்கிருச்சா?"

ஆளுக்கு ஆள் பாட்டு மாறும் என்றார் அவர். குரல் மட்டும் கொஞ்சம் இறங்கியிருந்தது.

"ஆத்துல விட்டேன்னு சொன்னீங்களே?" என்றாள் ராவா.

"விட்டேன் தாயி. ஆறே திருப்பிக் குடுத்திருக்கு."

ரெஷின் துணியின் மேல்விளிம்பைத் தூக்கிக் காட்டினாள். "சுவத்துல மாட்டுறதுக்கு வளையமும் ஆறே தச்சுக் குடுத்துச்சா?"

ஊசி பிடித்தே வளர்ந்த பெண்கள் அத்தனை பேரும் அந்தக் கடைத் தையலைப் பார்த்தார்கள். பிறகு எழுந்தார்கள். மாயெஸ்த்ரோவைத் திடீரென்று ஆவிகள் லீமாவுக்கு அழைத்தன. ஓடம் வரைக்கும் ஓடினார்.

ராவாவுக்கு வயிறு எரிந்தது. பாவாடைக்காக இல்லை, மாத்திரையில்லாமல் பிள்ளை நடுங்கிய நடுக்கத்துக்காக. அன்றே நெல்லியைத் தூக்கிக்கொண்டு மருத்துவ நிலையத்துக்கு ஓடினாள். விரலில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் பார்த்தார்கள். பாம்பு இல்லை, மலேரியாதான் இருந்தது. மாத்திரை உள்ளே போன பிறகு, நடுங்க வேண்டிய ஒரு நாளில் நெல்லி வறுத்த வாழைக்காய் கேட்டாள்.

கோடு போட்டவர்களே, போட்ட கோட்டுக்கு அர்த்தம் கேட்டு அவனிடம் வரிசையில் நின்றீர்கள். நாளை இன்னொருவன் வந்து உங்கள் பானையைப் பாடுவான். அவனிடம் தூக்கிக்கொண்டு ஓடும் முன், அதை வனைந்தது யார் என்று ஒரு நிமிடம் யோசியுங்கள்.