நான் கத்தாமல் நின்ற ஒரே நாள்

கோபக்காரன் திருந்தினால் ஊருக்கு நல்லது என்று எல்லோரும் சொல்வார்கள். நானும் அப்படித்தான் நம்பினேன். திருந்திய அன்றைக்கே ஒரு வலை மீனைக் கடலுக்குத் திருப்பிக் கொடுத்துவிட்டு நின்றவன் நான். அதனால் இப்போது இந்த விசயத்தில் எனக்கு நிச்சயமான கருத்து எதுவும் இல்லை.

எங்கள் உடப்புக் கடற்கரையில் கரைவலை இழுக்கும்போது கைகாட்டுகிற வேலை என்னுடையது. வள்ளம் வலையை வளைத்துப் போட்டுவிட்டு வந்ததும் வடக்கே பதினைந்து பேர், தெற்கே பதினைந்து பேர் கயிற்றைப் பிடித்து, அம்பாப் பாட்டோடு இழுப்பார்கள். இரண்டு பக்கமும் சமமாக வர வேண்டும். ஒரு பக்கம் முந்தினால் நடுவிலுள்ள பை மாதிரியான மடியின் வாய் கோணிவிடும், மீன் மற்றப் பக்கத்தால் நடையைக் கட்டும். நான் கையைத் தோளளவுக்கு நீட்டினால் ‘இந்தப் பக்கம் இழு’. தலைக்கு மேலே தூக்கினால் ‘நிறுத்து’. இவ்வளவுதான் வேலை. ஆனால் நான் கையை விட வாயைத்தான் கூடப் பாவித்தேன். பிழையாக இழுக்கிறவனையும், அவன் தகப்பனையும், அவர்கள் வீட்டு நாயையும் சேர்த்து ஏசுவேன். (தகப்பனை ஏசினாப் பொறுத்துக்குவாங்க, நாயை ஏசினாத்தான் சண்டைக்கு வருவாங்க.) போன வருசம் நான் ஏசியதில் ஒரு குடும்பமே கயிற்றைப் போட்டுவிட்டு அடுத்த வலைக்குப் போய்விட்டது.

பிறகு பிரஷர் வந்தது. டொக்டர் குளிசையைக் கொடுத்து, “கோபத்தைக் குறையுங்க” என்றார். அதற்குக் குளிசை தரவில்லை. நான் வெள்ளி தவறாமல் விரதம் பிடிக்கிறவன், வருசா வருசம் கோயிலில் தீ மிதிக்கிறவன். அம்மனிடம் போய் அழுது கேட்டேன். (எங்கட அம்மனே கோபக்காரி. அவகிட்டப் போய் இதைக் கேட்ட என்னுடைய புத்தியைப் பாருங்க.) கடைசியில் மீன் வாங்க வருகிற சிங்கள முதலாளி ஒருவர்தான், சிலாபம் பக்கத்துப் பன்சலை என்கிற புத்த கோயில் ஒன்றில் ஞாயிறு பின்னேரங்களில் தியானம் சொல்லிக் கொடுக்கிறார்கள் என்று என்னை ஏற்றிக்கொண்டு போனார்.

அங்கேயிருந்த பிக்கு, அவர்கள் சொல்கிறபடி ஹாமுதுரு, மெலிந்த மனிதர், மெல்லக் கதைப்பார். நான் முதலிலேயே உண்மையைச் சொல்லிவிட்டேன். “சாது, நான் மீன் பிடிக்கிறவன். எனக்கு இதெல்லாம் சரிவருமா?”

அவர் சிங்கள வழக்கப்படி என்னை ஐயா என்று மரியாதையாகக் கூப்பிட்டுக் கேட்டார். “மஹத்தயா வந்தது மீனுக்காகவா, கோபத்துக்காகவா?”

“கோபத்துக்காக.”

“அப்படியென்றால் கோபத்தைப் பார்ப்போம்.”

கோபம் வந்தால் துரத்த வேண்டாம், அதற்குப் பின்னால் ஓடவும் வேண்டாம், சும்மா பார்த்துக்கொண்டிருங்கள், தானாகப் போகும் என்றார். நடக்கும்போது ‘தூக்குகிறேன், நகர்த்துகிறேன், வைக்கிறேன்’ என்று ஒவ்வொரு அடியையும் மனதுக்குள் சொல்லச் சொன்னார். அன்றைக்குப் புத்தர் சிலைக்கு முன்னால் கண்ணை மூடி உட்கார்ந்தபோது, நாற்பத்தெட்டு வருசத்தில் முதன்முதலாக எனக்குள்ளே யாரும் சத்தம் போடவில்லை. எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. அதை மட்டும் நான் பகிடியாகச் சொல்ல மாட்டேன்.

மற்றதெல்லாம் பகிடிதான். வீட்டில் பிளேன்ரீயை ‘தூக்குகிறேன், குடிக்கிறேன், விழுங்குகிறேன்’ என்று குடித்து முடிக்க அரை மணித்தியாலம் போனது. கிணற்றடியிலிருந்து வாசலுக்கு நான் நடந்து வந்ததைப் பார்த்த என் மனைவி பூமணி, “காலில ஏதும் குத்திட்டுதா?” என்று ஓடி வந்தாள். விசயத்தைச் சொன்னேன். இடுப்பில் கையை வைத்துக்கொண்டு கேட்டாள்: “தீ மிதிக்கிற அண்டைக்கும் இப்படித்தான் நடப்பீங்களா?”

அடுத்த ஞாயிறு ஹாமுதுருவிடமே கேட்கலாம் என்று நினைத்தேன். ஆனால் அடுத்த ஞாயிறு நான் பன்சலைக்குப் போகவில்லை. பூமணியின் தம்பி கந்தவேல் புது வலை கட்டிக்கொண்டிருந்தான், அதற்கு உதவி செய்யப் போய்விட்டேன்.

கந்தவேல் இருபது வருசம் மற்றவர்களுடைய கயிற்றை இழுத்தவன். இதுதான் அவனுக்கென்று முதல் வலை, இனி அதன் முதல் வளைப்பு. எங்கள் பக்கம் இழுக்கிறவர்களுக்கு முதல் வளைப்புத்தான் சாத்திரம். அது வெறுமையாக வந்தால் ‘ராசியில்லாத வலை’ என்று ஆட்கள் கலைந்துபோய்விடுவார்கள், பிறகு முப்பது பேரை எங்கே தேடுவது? எல்லோரும் என்னைக் கூப்பிட வேண்டாம் என்றுதான் அவனுக்குச் சொன்னார்கள். அவன் கேட்கவில்லை. முந்தின நாள் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டான்.

“அத்தான், நாளைக்கு நீங்கதான் கை காட்டணும். ஆனா ஒருத்தனையும் ஏசிப்போடாதீங்க. ஒருத்தன் கோவிச்சுக்கிட்டுப் போனாலும் நான் முடிஞ்சன்.”

“மச்சான், நான் இப்ப பழைய ஆள் இல்ல” என்றேன். எவ்வளவு உண்மை!

விடிய அம்மனுக்குத் தேங்காய் உடைத்து வலையை வளைத்தார்கள். கந்தவேல் மடிக்குப் பின்னால் நீந்திக்கொண்டு வந்தான். நல்ல மீன் பட்டிருந்தது. மிதவைகளுக்கு உள்ளே தண்ணீர் கொதிக்கிற சோற்றுப்பானை மாதிரி இருந்தது. நான் தெற்கே கையை நீட்டி இழுக்கச் சொன்னேன், பிறகு இறக்கினேன். பாதி வந்ததும் தெற்குப் பக்கத்து ஆட்கள் மீனைக் கண்ட ஆசையில் தாங்களாகவே வேகமெடுத்தார்கள். முன்னுக்கு நின்றவன் செல்லையா. பாட்டு ஒரு பக்கம், அவன் ஒரு பக்கம்.

எனக்குக் கோபம் வந்தது. அடிவயிற்றில் தொடங்கி நெஞ்சுக்கு ஏறியது. செல்லையா வீட்டு நாயின் பெயர் வாய்க்குள் வந்துவிட்டது. அப்போதுதான் ஹாமுதுரு நினைவுக்கு வந்தார். சரி, ஏசக்கூடாது, கையை உயர்த்தி நிறுத்தினால் போதும் என்று நினைத்தேன். அதையும் முறைப்படி செய்தேன். ‘தூக்குகிறேன்… தூக்குகிறேன்…’

கை தோளளவுக்கு வந்தபோது கோபம் தொண்டைக்கு வந்துவிட்டது. வந்தால் பார்த்துக்கொண்டிருக்க வேண்டுமல்லவா? கையை அப்படியே விட்டுவிட்டுக் கோபத்தைப் பார்க்கத் தொடங்கினேன். ‘கோபம்… கோபம்…’

தெற்குப் பக்கத்து ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள். கை தோளளவில் நிற்கிறது. இன்னும் இழு என்கிறார்! இழுத்தார்கள். என் வாயையும் பார்த்தார்கள். மூடியிருந்தது. நான் சத்தம் போடாவிட்டால் எல்லாம் சரி என்பதுதான் அவர்களுக்குத் தெரிந்த சட்டம். இன்னும் உற்சாகமாக இழுத்தார்கள்.

கடலுக்குள் கந்தவேல் இரண்டு கையையும் ஆட்டி ஆட்டி ஏதோ கத்தினான். அலைச் சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை. அவனையும் பார்த்தேன். ‘காண்கிறேன்… காண்கிறேன்…’ மடியின் வாய் கோணியது. வடக்குப் பக்கத்தால் கீரிமீன் வெள்ளியாகத் துள்ளித் துள்ளி வெளியே போனது. சத்தியமாகச் சொல்கிறேன், அவ்வளவு அழகை நான் அதுவரை பார்த்ததில்லை. கோபமும் அந்த நேரத்தில்தான் கரைந்து போனது. ஹாமுதுரு சொன்னது சரியாகத்தான் இருந்தது!

நான் கையை இறக்கும்போது மடி கரைக்கு வந்துவிட்டது. அதில் நாலு சூடை மீனும், பட்டால் அரிக்கிற சொறிமீன் குவியலும் கிடந்தன.

கந்தவேல் தண்ணீர் சொட்டச் சொட்ட வந்து என் முன்னால் நின்றான். “அத்தான், கண் முன்னால போகுதே, பார்த்துக்கிட்டா நிண்டீங்க?”

“ஓம் மச்சான். பார்த்துக்கிட்டுத்தான் நிண்டேன்.” அதோடு நிறுத்தியிருக்கலாம். “போன உயிரெல்லாம் நல்லா இருக்கட்டும், அதுவும் ஒரு புண்ணியம்” என்றும் சொல்லித் தொலைத்தேன்.

அவன் ஈர மணலில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டான். எனக்குள் இருந்த நிம்மதியெல்லாம் அங்கேயே வற்றிவிட்டது. நான் செய்தது தியானமா, துரோகமா? கோபப்பட்டிருந்தால் ஆட்கள் போயிருப்பார்கள், படாததால் மீன் போய்விட்டது. ஒருவன் எப்படித்தான் வாழ்வது? இழுத்தவர்கள் துவாயை உதறித் தோளில் போட ஆரம்பித்தார்கள்.

நான் செல்லையாவிடம் ஓடினேன். “தம்பி, வலையில குறை இல்ல. என்னிலதான் குறை. போகாதீங்கடா.”

செல்லையா என்னை ஏற இறங்கப் பார்த்தான். “அண்ண, உங்களுக்கு உடம்புக்கு ஏலாதா? நீங்க ஏசாம நிண்டதாலதானே நாங்க இழுத்தம். எனக்கு அப்பவே பயம்.” மற்றவர்களிடம் திரும்பினான். “இன்னொருக்கா வளைப்பம். ஆனா இந்த மனுசன் ஏசணும். ஏசுறதெண்டாத்தான் நான் கயித்தைப் பிடிப்பன்.”

கந்தவேல் எழுந்து வந்து கும்பிட்டான். “ஏசுங்க அத்தான். என்னையும் சேர்த்து ஏசுங்க.”

இரண்டாவது முறை வளைத்தார்கள். இப்போது புதுக் கரைச்சல். ஏச வேண்டும், ஆனால் கோபம் வரவில்லை. உள்ளே தேடித் தேடிப் பார்த்தேன், ஒரு சொட்டும் இல்லை. கோபமே இல்லாமல் தொண்டை கிழியக் கத்தினேன். செல்லையாவின் நாயை ஏசினேன், எனக்கே சிரிப்பு வந்தது, அவனும் சிரித்துக்கொண்டே நிதானமாக இழுத்தான். மடி நிறைய என்று சொல்ல முடியாது, ஆனால் முப்பது பேரும் மீனோடு வீட்டுக்குப் போகப் போதுமாயிருந்தது. அடுத்த நாளும் முப்பது பேரும் வந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை ஹாமுதுருவிடம் எல்லாவற்றையும் ஒப்புவித்தேன். அவர் சிரித்த சிரிப்பில் கையிலிருந்த விசிறி கீழே விழுந்தது. “வேலை நேரத்தில் வேலையையே கவனியுங்கள், அதுதான் தியானம் என்று போன ஞாயிறு முழுக்கச் சொன்னேன். மஹத்தயா வரவில்லையே!”

இப்போதும் காலையில் கும்பிட்டுவிட்டு அரை மணித்தியாலம் கண்ணை மூடி உட்காருகிறேன். பிரஷர் குறைந்திருக்கிறது. கரையில் இன்னும் கத்துகிறேன், கோபத்தில் கத்துகிறேனா சும்மா கத்துகிறேனா என்று சில நாள் எனக்கே விளங்குவதில்லை. ஆனால் எங்கள் வீட்டில் தியானம் என்ற சொல்லே இல்லாமல் போய்விட்டது. நான் கண்ணை மூடி உட்கார்ந்திருக்கும்போது யாராவது வந்து என்னைத் தேடினால், பூமணி குரலைத் தாழ்த்தி மரியாதையாகத்தான் சொல்லுவாள்:

“கொஞ்சம் இருங்க. உள்ளுக்கு மீன் விட்டுக்கிட்டு இருக்கிறார்.”