நக்கல் சர்வேயர்

எங்கள் தாலுகாவிலேயே நக்கல், நையாண்டி எதுவும் தெரியாத ஒரே மனிதர் நக்கல் சர்வேயர்தான். ஜோக் சொன்னால், "இது எந்த ஊர்ல நடந்துச்சு?" என்று விசாரிப்பார். ஊரைச் சொன்னால் சர்வே நம்பர் கேட்பார்.

நக்கியது அவருடைய நாய் மணி. நாள் முழுக்க முன்னங்கால்களை நக்கும். நக்கி அலுத்தால் கடிக்கும். மனைவி காலமான பிறகு வீட்டில் அவருக்கு அது ஒன்றுதான் துணை. அதனால் நிலம் அளக்கப் போனால் அளவுச் சங்கிலிக்குப் பின்னால் மணியும் போகும். நில உச்சவரம்பு, குத்தகைப் பதிவு என்று நன்னிலம் பக்கம் வரப்புக்கு வரப்பு சண்டை நடந்த காலம் அது.

ஒருநாள் ஒரு பண்ணையார் தம் எல்லையை விளக்கிக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் மணி உட்கார்ந்து வேலையை ஆரம்பித்துவிட்டது. சர்வேயர் அதைப் பார்த்து, "நக்காத. போதும். எத்தனை தடவை சொல்றது?" என்றார். பண்ணையார் திரும்பிப் பார்க்கவில்லை. நேராகப் போய்ப் புகார் எழுதினார்: 'அளக்க வந்த சர்வேயர் என்னை நக்கல் செய்தார்.'

தாசில்தார் விசாரித்தார். கிளார்க்கான நான் வாக்குமூலம் எழுதினேன்.

"நக்கல் பண்ணீங்களா?"

"நான் இல்லைங்க சார். மணி."

"மணியா? எந்த செக்‌ஷன்?"

அன்று முதல் ஆபீஸில் தொடங்கி ஊரெங்கும் அவருக்கு அந்தப் பெயர் நிலைத்தது. அவருக்கு மட்டும் தெரியாது.

பத்து நாளில் நாய் நக்குவதை நிறுத்த வேண்டும், இல்லாவிட்டால் அதை வேலைக்குக் கூட்டி வரக்கூடாது என்று தாசில்தார் சொல்லிவிட்டார். சர்வேயர் இடிந்துபோனார். முன்பு ஒருநாள் வீட்டில் கட்டிப்போட்டு வந்ததற்கே மணி ரத்தம் வரத் தன் காலையே கடித்து வைத்திருந்தது.

வேப்பெண்ணெய் தடவினார். மணி ரசித்து நக்கியது. பழைய காலுறையை மாட்டினார். தின்றுவிட்டது. கடைசியில் மாட்டு டாக்டர் விரல்களை விரித்துப் பார்த்தார். "சேத்துல நடந்து நடந்து இடுக்கெல்லாம் புண்ணுங்க. அரிக்குது, நக்குது. நக்க நக்க இன்னும் ஈரம். மருந்து தர்றேன். துடைச்சுக் காய வைங்க. தண்ணியில கால் படவே கூடாது."

மேட்டூர் திறந்து வாய்க்கால் நிறைய ஓடும் நேரத்தில் சொல்கிற பேச்சா இது? மறுநாளிலிருந்து சர்வேயர் தோளில் துண்டு கிடக்கும் இடத்தில் மணி கிடந்தது.

அந்தப் பத்து நாளுக்குள்ளேயே அதே பண்ணையாரின் வயலை மறுபடி அளக்க வேண்டி வந்தது. ஒத்தாசைக்கு நானும் போனேன். ஒரு வரப்பில் பண்ணையார் ஆட்கள், எதிர் வரப்பில் குத்தகைக்காரர் மாரியப்பனின் ஆட்கள். கையில் கம்பு இல்லாதவர்கள் நாங்கள் மட்டும்தான்.

"அளக்கணும்ங்க. யாராவது இத புடிங்க. கால் நனையக் கூடாது" என்றார் சர்வேயர்.

மாரியப்பன் கை நீட்டினார். "அவன் புடிச்சா நீங்க அவன் பக்கம்னு ஆயிடாதா?" என்றார் பண்ணையார்.

சர்வேயர் நிஜமாகவே யோசித்தார். "நியாயம்தாங்க. பாதி வரைக்கும் அவர் புடிக்கட்டும். மீதிக்கு நீங்க."

பாதியில் மணி கைமாறியது. மாரியப்பன் கையிலிருந்து எதையும் நேராக வாங்கியறியாத பண்ணையார், நாய் நழுவிவிடும் பயத்தில் அவர் கையையும் சேர்த்துப் பிடித்துவிட்டார்.

"பாத்துங்க, வலது கால்ல புண்ணு."

"தெரியுது, தெரியுது" என்று பண்ணையார் தம் துண்டால் அந்தக் காலைத் துடைத்தார். அன்று கம்புகளுக்கு வேலை வரவில்லை. வழக்கு என்னவோ அப்புறமும் நடந்தது.

பத்தாம் நாள் மணி தாசில்தார் மேஜைக்கடியில் ஒரு மணி நேரம் படுத்திருந்தது. நக்கவில்லை. தாசில்தார் இரண்டு தடவை குனிந்து பார்த்துவிட்டு, "வரட்டும்" என்றார்.

மறுவருஷம் ஒரு மனு வந்தது. பண்ணையாரும் மாரியப்பனும் சேர்ந்து கையெழுத்துப் போட்டிருந்தார்கள்: 'எங்கள் எல்லைக் கல்லை நக்கல் சர்வேயரே வந்து நட வேண்டும்.'

சர்வேயர் படித்துவிட்டு மணியை இறுக அணைத்துக்கொண்டார். "மறுபடியும் நக்கல்னு எழுதியிருக்காங்களே தம்பி. இதுவும் புகாரா?"

"இல்லைங்க சார். உங்கள அன்பா அப்படிக் கூப்பிடுறாங்க."

அந்தப் பெயரை வைத்தவன் நான்தான். வைத்தபோது அதில் அன்பெல்லாம் இல்லை. ஆனால் அன்று அவரிடம் நான் சொன்னது பொய்யில்லை.