நாப்பது டிகிரி பச்சைமணி

வண்டிப்பெரியாரில் தேயிலை பேக்டரியில் கொழுந்து வாட்டுகிற பிச்சைமணி, ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் திடீரென்று ஞானியாகிவிட்டான். இனி நம் வீட்டில் அடுப்பே கிடையாது, எல்லாம் பச்சையாகத்தான் தின்கிறோம் என்று பெண்டாட்டி வேலுத்தாயிடம் அறிவித்தான்.

"நாப்பது டிகிரிக்கு மேல சூடாச்சுன்னா சாப்பாட்டுல இருக்கிற உயிரு போயிருமாம். போன்ல ஒருத்தரு சொல்றாரு."

உயிராவது, மண்ணாவது. திங்கட்கிழமையிலிருந்து வேலுத்தாய் ஏழு மணிக்கே எஸ்டேட்டில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டில் பேர் கொடுத்துவிட்டுக் கொழுந்தெடுக்கப் போகவேண்டும். அதனால் காலைச் சமையல் இனி உங்க பாடு என்று சொல்லியிருந்தாள். ஏழரை வரை இழுத்துப் போர்த்தித் தூங்குகிற சுகத்தை விட அவனுக்கு மனசில்லை. சமையலே இல்லையென்றால் சமையல்காரன் எதற்கு?

"அதுக்கென்ன, நல்லதுதானே" என்றாள் வேலுத்தாய். சண்டைக்கு வரிந்துகட்டி நின்றவனுக்குச் சப்பென்று ஆகிவிட்டது.

அன்றைக்கே முட்டைக்கோசும் கேரட்டும் நறுக்கி, பயறு ஊறவைத்தாள். மலைக்குளிரில் காலையில் அதை வாயில் போட்டால் பல்லெல்லாம் கூசியது. தொழிலாளர் வீடுகள் வரிசையாக ஒட்டிக் கிடக்கிற லயத்தில் அவனுக்குப் பச்சைமணி என்றே பேராகிவிட்டது. புதன்கிழமை தாங்கமாட்டாமல் வாயைத் திறந்தான்.

"ஏ வேலு, லேசா வெதுவெதுன்னு காட்டித் தாயேன்."

"நாப்பதைத் தாண்டிட்டா?"

"தாண்டாமப் பாரு."

"என் கைக்குக் கொதிக்கவைக்கத்தான் தெரியும். தொட்டே சூடு சொல்ற கை இந்த எஸ்டேட்ல யாருக்கு இருக்கு?"

"எனக்குத்தான்."

"வெந்துராம வாட்டுற பக்குவம்?"

"இருபது வருச சர்வீசுல்ல" என்று மீசையைத் தடவினான். அப்போதும் அந்த மரமண்டைக்கு உறைக்கவில்லை.

ஏழுக்குள் அவள் சாப்பிட்டாகவேண்டுமே! வியாழக்கிழமை ஐந்து மணிக்கே பிச்சைமணி அடுப்படியில் நின்றான். வெந்நீர்ச் சட்டிமேல் கோசுப் பாத்திரம், கோசுக்குள் அவன் விரல். சுட்டால் இறக்கு, ஆறினால் ஏற்று. இப்படியே ஒன்றரை மணி நேரம். கொழுந்தை வாட்டினவனைக் கோசு வாட்டி எடுத்தது. வேலுத்தாய் அவன் போர்வையையும் சேர்த்துப் போர்த்திக்கொண்டு தூங்கினாள்.

சனிக்கிழமை கால் கடுத்துப்போய் வந்து அவளை எழுப்பினான்.

"வேலு, பேசாம சோறே பொங்கிர்றேன். அரை மணி நேரத்துல முடிஞ்சிரும்."

"உயிரு போயிருமேங்க."

"எனக்குத்தான் போகுது."

வேலுத்தாய் போர்வைக்குள்ளிருந்து தலையை மட்டும் நீட்டினாள். "உங்க இஷ்டம், நான் ஒண்ணும் கட்டாயப்படுத்தலை. அரிசி நேத்தே களைஞ்சு ஊறவச்சிட்டேன், உலையை மட்டும் வைங்க."