தண்ணீர் லாரியில் போன தாலி

ஒரு பொருளை அளவுக்கு மீறிப் பத்திரப்படுத்தினால், அது திருடனுக்கும் கிடைக்காது, நமக்கும் கிடைக்காது. தம்பி கல்யாணத்துக்கு முந்தின நாள் தாலியை அரிசி டிரம்முக்குள் புதைத்து வைத்தவள் நான். (டெல்லித் திருடன் கோதுமையில்தான் கை வைப்பான் என்று ஒரு கணக்கு.) காலையில் லோதி ரோடு மண்டபத்தில் பூ, தேங்காய், மஞ்சள் எல்லாம் தட்டில் இருந்தன. தாலி துவாரகாவில் எங்கள் வீட்டு அரிசிக்குள் இருந்தது.

தம்பியிடம் மட்டும் சொல்லிவிட்டு டாக்சியில் ஓடி வந்து எடுத்தேன். திரும்பலாம் என்றால் ஆவணி மழை. மெட்ரோவுக்குப் போகும் சாலையில் இடுப்பளவு தண்ணீர். வந்த டாக்சி போய்விட்டது; கண்ணுக்கெட்டிய தூரம் ஆட்டோவும் இல்லை. பத்தரைக்குள் தாலி ஏற வேண்டும். நாத்தனார் முடிச்சு போட வேண்டியவளும் நானே.

அப்போது வந்தது ஒரு தண்ணீர் லாரி. (ஊரே மிதக்கும்போது!) என் கை தானாக நீண்டது.

"கஹான் ஜானா ஹை, பஹன்ஜி?" எங்கே போக வேண்டும் என்றார் டிரைவர். கதவை அடைக்கும் அளவு ஆள். காதைத் தொடும் மீசை.

நான் ஒன்பதாவதோடு நின்றவள். உலக ஞானமெல்லாம் வாட்ஸ்அப் போட்ட பிச்சை. தெரியாத வண்டியில் ஏறும் முன் நம்பரைப் படம் எடுத்து வீட்டுக்கு அனுப்ப வேண்டுமாம். தம்பிக்கு அனுப்பினேன்: "இந்த லாரியில் வருகிறேன். வராவிட்டால் இவனைப் பிடியுங்கள்." கதவோரம் உட்கார வேண்டும். மிளகாய்ப் பொடி கையில் இருக்க வேண்டும். இரண்டும் செய்தேன். (பொடிப் பொட்டலம் எப்போதும் என் பையில் இருக்கும்.) ஆனால் ஏறும்போதே போன் நழுவித் தண்ணீரில் போய்விட்டது. அதற்கு யாரும் யோசனை சொல்லியிருக்கவில்லை.

ஒரு பாலத்துக்கு அடியில் கார்கள் கூரை மட்டும் தெரிய நின்றன. அவர் கண்ணாடியில் தொங்கிய எலுமிச்சையைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு உள்ளே விட்டார். தண்ணீர் இரு பக்கமும் சுவராக எழுந்து வழி விட்டது. அந்தப் பக்கம் பஸ் நிழற்குடை மேல் ஒரு மயில் நனைந்தபடி எங்களையே பார்த்தது. எனக்குப் பயப்பட மறந்துபோனது. பால் பொங்குவதற்கே பயப்படுகிறவள் நான்; எனக்கு அது எவ்வளவு பெரிய சங்கதி!

மறதி அதிக நேரம் நீடிக்கவில்லை. அவர் சீட்டுக்கு அடியில் கையை விட்டார். கத்திதான்! பொட்டலத்தைப் பிரித்தேன். லாரி பள்ளத்தில் இறங்கியது. பொடி மொத்தமும் என் கண்ணில். அவர் எடுத்தது, நான் தலை துவட்டிக்கொள்ள ஒரு துண்டு.

"அரே பஹன்ஜி, யே க்யா?"

"மசாலா... மசாலா, பையா."

வண்டியை நிறுத்தி, பின்னால் இருந்த பெரிய குழாயைத் திறந்துவிட்டு, நான் முகம் கழுவி முடிக்கும்வரை மழையில் நின்றார்.

மண்டபத்தில் தாலியோடு இறங்கினால், சித்தப்பா தலையில் கை வைத்திருந்தார்.

"தாலி வந்துட்டு. மாப்பிள்ளை எங்கட்டி?"

"ஏன், எங்க போனான்?"

"உன்னத் தேடித்தான் பைக்ல போயிருக்கான்! லாரிக்காரன் எக்காவத் தூக்கிட்டுப் போயிட்டாம்னு!"

அதற்குள் சித்தப்பாவுக்குத் தம்பியின் போன் வந்தது. தௌலா குவான் பக்கம் பைக்குக்குள் தண்ணீர் போய் நின்றுவிட்டதாம். என் அரைகுறை இந்தியில் டிரைவரிடம் விஷயத்தைச் சொன்னேன், அவரைப் பிடிக்கச் சொன்ன பகுதியை விட்டுவிட்டு. யாரோ கையில் கொடுத்திருந்த கேசரியை வாயில் போட்டுக்கொண்டு லாரியைத் திருப்பினார்.

பத்தரை நெருங்கும்போது வாசலில் ஹாரன் அலறியது. ஈரப் பட்டு வேட்டியோடு தம்பி குதித்தான். பின்னாலேயே மீசை: "ஜல்தி கரோ, பாயி, ஜல்தி!"

கண் சிவந்து, மூக்கு ஒழுக நான் முடிச்சுப் போட்டதைப் பார்த்து, என்ன பாசம் என்று உறவுக்காரர்கள் உருகிப்போனார்கள். ஆல்பத்தில் எங்கள் நடுவில் நிற்பவர் அவர்தான். கையில் அதே துண்டு.

இன்றும் நான் ஏறுகிற ஆட்டோவின் நம்பரைப் படம் எடுக்கும்போதெல்லாம் தம்பி மனைவி ஆரம்பித்துவிடுவாள்:

"மைனி, தாலி தண்ணி லாரில வந்துச்சு. தாலி கட்டுனவரும் தண்ணி லாரில வந்தாரு. நான் ஒருத்திதான் விவரம் தெரியாம கார்ல வந்துட்டேன்."