கோபுரத்தில் கெட்டிமேளம்

எதையாவது அரைகுறையாகக் கற்றுக்கொண்டால் போதும், நாலு பேருக்குக் காட்டாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. அந்த வியாதியால் பல இடங்களில் மானம் போயிருக்கிறது. ஆனால் கேரிலானில் போன மாதிரி வேறெதிலும் போனதில்லை.

நியூஜெர்சியில் நான் வேலை பார்க்கும் பல்கலைக்கழகத்தில் ஒரு மணிக்கோபுரம் உண்டு. உச்சியில் வரிசையாகப் பெரிதும் சிறிதுமாக மணிகள். அதற்கு அடியில் ஓர் அறை, அதில் மரக்கட்டைகள். கட்டையை முஷ்டியால் குத்தினால் மேலே மணி அடிக்கும், கீழே காலாலும் மிதிக்க வேண்டும். இதுதான் கேரிலான். ஊழியர்களுக்கு வகுப்பு இலவசம் என்றார்கள். (இலவசமென்றால் நான் நல்ல பல்லைக்கூடப் பிடுங்கிக்கொள்வேன்.)

எட்டு வகுப்பு முடிந்திருந்தது. என் மச்சினி திவ்யாவின் கல்யாணம் கோபுரத்துக்கு எதிரேயிருந்த புல்வெளியில் ஏற்பாடானது. நாதஸ்வரக்காரர்களுக்குப் போன் போடப்போன மாமனாரைத் தடுத்தேன்.

"கெட்டிமேளத்தை நான் பாத்துக்கறேன் மாமா. கோபுரத்துல இருந்து அடிச்சா ஊரே கேக்கும்!"

"தாலி ஏர்றப்ப அபசகுனமா ஒரு சத்தம் காதுல விழக்கூடாதுங்க மாப்ள. இங்க சைரன் வேற ஓயாது. உங்களை நம்பலாமுங்களா?"

"என்ன மாமா இப்படிக் கேட்டுட்டீங்க!"

கோபுர அறையிலிருந்து மேடை தெரியாது. அதனால் புரோகிதர் தாலியை எடுத்துக் கொடுத்ததும் என் மனைவி கவிதா போன் பண்ண வேண்டும், சட்டைப்பையில் அது அதிர்ந்ததும் நான் ஆரம்பிக்க வேண்டும் என்று ஏற்பாடு. பட்டுவேட்டியை மடித்துக் கட்டி, இரண்டு முஷ்டியையும் ஓங்கியபடி காத்திருந்தேன்.

போன் அதிர்ந்தது. குத்தினேன் பாருங்கள், அப்படியொரு குத்து! பையில் போன் மறுபடி மறுபடி அதிர்ந்தது. கவிதா பூரித்துப்போய்க் கூப்பிடுகிறாள் என்று நினைத்து இன்னும் ஓங்கிக் குத்தினேன்.

முடித்துவிட்டுப் போனைப் பார்த்தேன். கவிதாவிடமிருந்து பதினோரு மிஸ்டு கால். அதற்கெல்லாம் முன்னால் வந்த முதல் கால், ஏதோ விளம்பரக் கம்பெனி. வாய்ஸ்மெயிலில் ஒரு பெண்மணி, என் கார் வாரண்டி முடியப்போகிறது என்று கவலைப்பட்டாள்.

கீழே, திவ்யா முகூர்த்தப் புடவை மாற்றப் போயிருந்தாளாம். மேடையில் மாப்பிள்ளை அருணும், அவர் மாலையை நேராக்கிக்கொண்டிருந்த மைக் என்ற அமெரிக்கப் போட்டோகிராஃபரும்தான். ஆனால் கெட்டிமேளம் கேட்டபின் நம் ஜனங்களின் கை சும்மா இருக்குமா? இருநூறு பேரும் அட்சதையை வீசிவிட்டார்கள். ஓர் ஆன்ட்டி கண்ணைத் துடைத்துக்கொண்டே, "நல்லா இருங்கப்பா" என்றாராம். மைக் பக்தியோடு கும்பிட்டிருக்கிறான்.

நான் அத்தனை படியும் உருண்டு புரண்டு இறங்குவதற்குள் நிஜத்தாலி ஏறிவிட்டது. மேளத்துக்குச் சாம்பார் வாளியும் கரண்டியும். அட்சதை தீர்ந்துபோனதால் ஓர் அங்கிள் பந்தியிலிருந்து லெமன் ரைஸை அள்ளி வந்து வீசியிருக்கிறார். தலையில் கடலைப்பருப்போடு திவ்யா என்னைப் பார்த்தாள். அழுதிருந்தாள். அப்போது எனக்குச் சத்தியமாகச் சிரிப்பு வரவில்லை, அந்த இடத்திலேயே செத்துவிடலாம் போலிருந்தது.

மாமனார் திட்டவே இல்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "ஊரே கேட்டுச்சுங்க மாப்ள" என்றார்.

ஆறு வருஷமாகிறது. அருணோடு சண்டை வந்தால் திவ்யாவின் கடைசி அஸ்திரம் இன்றும் இதுதான்:

"போங்க, உங்க மொத சம்சாரம் மைக் இருக்கான்ல, அவன்கிட்ட போய்க் காபி கேளுங்க!"

மைக்கும் கல்யாண நாளன்று தவறாமல் வாழ்த்து அனுப்புகிறான். அருணுக்கு மட்டும்.