கேலி பண்ணாமல் இருந்து பார்த்தேன்

சின்னக்கானல்

மதிப்பிற்குரிய செல்வலட்சுமி மதினிக்கு, பூமாரி வணங்கி எழுதிக்கொள்வது. இங்கே நானும் குளிரும் நலம். கொழிஞ்சாம்பாறையில் நீங்களும் வெயிலும் நலமா?

வெட்கத்தை விட்டு ஒன்று சொல்கிறேன். உங்கள் தம்பி விட்டுப்போன கம்பளிச் சட்டையைப் போட்டுக்கொண்டுதான் தூங்குகிறேன். துவைக்கவில்லை. துவைத்தால் அவர் வாசம் போய்விடும். இந்த வயதில் இது தேவையா என்று சிரிக்காதீர்கள்.

கல்யாண வீட்டில் அவர் தலைச்சாயம் வேர்வையில் சட்டைக் காலர்வரை வழிந்தபோது, "காலருக்கும் வயசு குறைஞ்சிருச்சே"ன்னு நான் சொன்னது ஒரு குற்றமா? ஊரே சிரித்தது. அவர் மட்டும் கோபித்துக்கொண்டு உங்கள் ஊர்த் தேங்காய்க் களத்துக்கு வேலைக்கு வந்துவிட்டார்.

நான் சமைக்கிற ரிசார்ட்டில் ஜீவிதா என்றொரு சின்னப் பெண் தியானம் சொல்லித்தருகிறாள். வாயைத் திறக்குமுன் இது உண்மையா, உதவுமா, அன்பா என்று பார்க்கணுமாம், புத்தர் வழியாம். சரி, இதை வைத்துக் குடும்பம் நடத்திப் பார்ப்போம் என்று அவருக்குப் போன் போட்டேன். "ம்" என்றார். வாயில கொழுக்கட்டையான்னு கேட்க வந்தது, உண்மையில்லை, விட்டேன். தலை இப்போ கறுப்பா வெளுப்பான்னு வந்தது; அன்பில்லை, விட்டேன். எப்ப வருவீங்கன்னு வந்தது; கேட்டால் அழுதுவிடுவேன், யாருக்கும் உதவாது, அதையும் விட்டேன். அப்புறம் சொல்ல என்ன மிச்சம் மதினி? "ஹலோ, ஹலோ, ரேஞ்ச் இல்ல" என்று வைத்துவிட்டார்.

ஜீவிதாவிடம் புலம்பினேன். "அக்கா, பிடிச்ச ஒருத்தர், பழக்கமில்லாத ஒருத்தர், கோபம் வர்ற ஒருத்தர், மூணு பேரும் நல்லா இருக்கணும்னு நினைங்க" என்றாள். கண்ணை மூடினேன். பிடிச்சவர் என்றதும் அவர் வந்தார். பழக்கமில்லாத ஆள் என்றதும், போனில் "ம்" சொன்ன அந்த மனுஷன் வந்தார். கோபத்துக்குச் சொல்லவே வேண்டாம்.

"டீச்சர், எனக்கு ஒத்த ஆளுதான் இருக்கு. மூணு தடவை வாழ்த்திக்கிடட்டுமா?"

அந்தப் பிள்ளை சிரிக்கவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டது.

ஆகையால் பற்றை விட்டாயிற்று. அவர் வரட்டும், வராமல் போகட்டும், எனக்கு ஒன்றுமில்லை. அண்ணாச்சிக்கு என் வணக்கம். பிள்ளைகள் நோய்நொடியில்லாமல் இருக்கட்டும்.

பூமாரி

பின்குறிப்பு: மேலே எழுதியது எதையும் நம்பாதீர்கள். கடிதம் கண்டதும் அவரைப் பஸ் ஏற்றிவிடுங்கள். உறையை ஒட்டப்போகும் நேரத்தில் அவரே போனில் கூப்பிட்டார். "ஏட்டி, ஒடம்புக்கு முடியலையா? ஒரு வார்த்தை கேலி பண்ணல, பயமா இருக்கு" என்றார். சேர்த்துவைத்த கேலி முழுவதையும் இறக்கிவைத்தேன். அதற்குள் வகுப்புக்கு வைத்த உப்புமா கரிந்துவிட்டது. இன்று உண்ணாநோன்புத் தியானம் என்று ஜீவிதா அறிவித்தாள்.